ஏழு டன் ஐம்பது கிலோ

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செமஸ்டர், ப்ராஜெக்ட், நடுவில் ஒரு காய்ச்சல் என்று காரணங்கள் கைவசம் நிறைய உண்டு. உண்மைக் காரணம் வேறு. ஒரு தேர்வில் ஃபெயில் ஆகிவிட்டேன். கல்லூரித் தேர்வு இல்லை, நானாகத் தேடிப் போய்ப் பணம் கட்டி எழுதிய தேர்வு. அதில் தோற்றால் இரண்டு மடங்கு வெட்கம்.

அமெச்சூர் ரேடியோ தெரியுமா? ஹாம் ரேடியோ என்பார்கள். சொந்தமாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொண்டு உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் இன்னொரு ஹாமுடனும் பேசலாம். செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு கம்பி, ஒரு பெட்டி, ஒரு பேட்டரி போதும். ஆனால் லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குத் தேர்வு எழுத வேண்டும். நான் எழுதியது ரெஸ்டிரிக்டட் கிரேடு. மோர்ஸ் தந்தி கிடையாது. ரேடியோ பாடம் ஒரு பகுதி, சட்டதிட்டம் ஒரு பகுதி. இரண்டிலும் தேற வேண்டும்.

"ஈ.சி.இ. படிக்கிறவனுக்கு ரேடியோ பாடம் எல்லாம் ஜுஜுபி"ன்னு ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். சட்டதிட்டத்தில் நல்ல மார்க். ரேடியோவில் இரண்டு மார்க்கில் போச்சு. :-(

வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஆன்டெனா, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எதிலும் தப்பு இல்லை. மூன்று கேள்வி தப்பு. மூன்றும் கிலோஹெர்ட்ஸை மெகாஹெர்ட்ஸ் ஆக்குவது, மெகாஹெர்ட்ஸை மீட்டர் ஆக்குவது என்ற வகை. எட்டாங்கிளாஸ் கணக்கு. பொறுமையாகக் கேளுங்கள், நீங்களும் இதே குழியில்தான் விழுவீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதற்கு முன்னால், எனக்கு இது ஏன் வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது எங்கள் தலைக்கு மேல்தான். அப்போது நான் ஒன்பதாவது. ராத்திரி முழுக்க அம்மா, அப்பா, பாட்டி, நான் நான்கு பேரும் கடையின் உள்ளறையில் சர்க்கரை மூட்டைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். (அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். வீட்டு ஓடுகள் போய்விட்டன, கடைக்கு கான்கிரீட் கூரை.) விடிந்து வெளியே வந்தால் தென்னை மரம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் கொல்லையில் நின்றது. கரண்ட் வர எத்தனை வாரம் ஆனது என்பதை இன்றைக்கும் பாட்டி ஆளாளுக்கு ஒரு கணக்காகச் சொல்வார். போன் முற்றிலும் செத்துவிட்டது.

அக்கா அப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. டிவியில் ஊர் பெயரை மட்டும் சொல்கிறார்கள், போன் போட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்கிறது. நான்கு நாள். ஐந்தாம் நாள் கிடைத்த பஸ்ஸில் ஏறி, கடைசி எட்டு கிலோமீட்டர் நடந்து வந்து சேர்ந்தாள். கடை வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கோபமாகத் திட்டினாள். "ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்ல வழியில்லையா?" என்று. அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை.

கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு சீனியர் அறையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். லாரி பேட்டரி ஒன்றில் ஓடுகிறது, மொட்டை மாடியில் ஒரு கம்பி, அந்தப் பக்கம் யாரோ கேரளாவிலிருந்து வானிலை சொல்லிக்கொண்டிருக்கிறார். 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி எல்லாம் விழுந்துவிட்ட நிலையில், தற்செயலாக அங்கே வந்திருந்த ஹாம்கள், பாரதி பிரசாத் என்பவர் தலைமையில், போர்ட் பிளேரிலிருந்து நாட்டின் மற்ற பகுதிகளுக்குச் செய்தி அனுப்பினார்கள் என்று அவர்தான் சொன்னார். எனக்கு அக்காவின் கேள்விதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே விண்ணப்பம் பற்றி விசாரித்துவிட்டேன்.

சரி, இப்போது அந்த மூன்று கேள்விகள்.

முதலாவது: 7050 கிலோஹெர்ட்ஸ் என்பது எத்தனை மெகாஹெர்ட்ஸ்? நான் டிக் அடித்தது 7.5. ஏன் என்று கேட்டால், பதற்றத்தில் சைபர்களை வெட்டினேன். ஆயிரத்தால் வகுக்கும்போது சைபரை வெட்டலாம் என்று கை பழகிவிட்டது. கடைசி சைபரை வெட்டினால் சரி. நடுவில் இருக்கிற சைபரையும் சேர்த்து வெட்டினேன். அதை யார் வெட்டச் சொன்னது!

இந்தத் தோல்வியை வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவே கேட்டார், "என்ன கேள்விப்பா அப்படி?" என்று. சொன்னேன். ஹெர்ட்ஸ் என்றால் என்ன என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. பொட்டலம் மடித்துக்கொண்டே,

"ஏழாயிரத்து அம்பது கிராம்னா எவ்வளவு?"

"ஏழு கிலோ அம்பது கிராம்."

"அதை ஏழரை கிலோன்னு பில்லு போட்டா?"

நான் பேசவில்லை.

"நானூத்தி அம்பது கிராம் அடிச்சுட்டான்னு கடைக்கு முன்னாடி வந்து நிப்பாங்க" என்றார். எழுந்து எலெக்ட்ரானிக் தராசில் கையில் கிடைத்த பருப்பு மூட்டையைத் தூக்கி வைத்தார். 7.050 காட்டவில்லை, வேறு ஏதோ எண். ஆனால் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம். எப்போதும் மூன்று இலக்கம். இருபது வருடமாக அந்தத் தராசுக்கு எதிரில் வளர்ந்தவன் நான்.

அதோடு முடிந்தது அந்தக் கேள்வி. ஹெர்ட்ஸ் கிராம், கிலோஹெர்ட்ஸ் கிலோ, மெகாஹெர்ட்ஸ் டன். ஒவ்வொரு படியும் ஆயிரம். ஜிகாஹெர்ட்ஸ் என்றால் ஆயிரம் டன், அது கடைக்கு வராது, துறைமுகத்துக்குத்தான் வரும். 7050 கிலோ அரிசி லாரியில் வந்தால் ஏழு டன் ஐம்பது கிலோ. எழுதும்போது 7.050. கடைசி சைபரை விட்டுவிட்டால் 7.05. புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வைத்துத்தான் இனி எழுதுவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். 7.5 என்று எழுத நினைத்தால் கை தானாக 7.500 என்று எழுதும், அப்போது தப்பு முகத்தில் அறையும்.

மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தியாவில் 40 மீட்டர் பேண்டில் ஹாம்களுக்குக் கொடுத்திருப்பது 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. 7.050 அதற்குள். 7.500 வேலிக்கு வெளியே, அடுத்தவன் வயல். அங்கே போய் மைக்கை அழுத்தினால் சட்ட மீறல். தேர்வு வைப்பவர்கள் அந்தக் கேள்வியைச் சும்மா வைக்கவில்லை என்று ஃபெயில் ஆன பிறகு எனக்கு ஞானோதயம்.

சீனியரின் பெட்டியில் இன்னொரு வேடிக்கை. அதன் திரையில் 7.050.00 என்று இரண்டு புள்ளி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது டிஸ்ப்ளே கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். முதல் புள்ளிக்கு முன்னால் மெகா, அதற்கு அடுத்த மூன்று இலக்கம் கிலோ, மிச்சம் பத்து ஹெர்ட்ஸ் கணக்கு. டன், கிலோ, கொசுறு.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிய பாடம். 0.435 ஜிகாஹெர்ட்ஸ், கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு? நான் போட்டது 43,500. சரியான விடை 4,35,000.

இந்த எண்ணை எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நம் ஊரில் கமா போடுவது எப்படி? ஆயிரத்துக்கு ஒரு கமா, அதற்குப் பிறகு இரண்டு இரண்டாக. லட்சம், கோடி. 1,42,00,000. ஆனால் கிலோ, மெகா, ஜிகா மூன்று மூன்றாக ஏறும். வெள்ளைக்காரன் கமாவும் மூன்று மூன்றாக. அவன் 14,200,000 ஹெர்ட்ஸ் என்று எழுதியதும் கமா இருக்கிற இடத்திலேயே விடை இருக்கிறது. முதல் கமாவில் நிறுத்தினால் மெகா, இரண்டாவதில் நிறுத்தினால் கிலோ. 14 மெகா, 14,200 கிலோ. கணக்கே போட வேண்டாம்.

நம் கமாவை நம்பினால்? 1,42,00,000-இல் எந்தக் கமாவில் நிறுத்துவது? கடைசிக் கமாவில் நிறுத்தினால் 14,200 கிலோ, அது சரி. அதற்கு முந்திய கமாவில் நிறுத்தினால் 142, மெகா என்று நினைத்துக்கொள்வோம். அது லட்சம்! மெகா என்பது பத்து லட்சம். பத்து மடங்கு தப்பு அங்கேதான் நுழைகிறது. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வருடம் லட்சம், கோடி என்று எண்ணி வளர்ந்த என் மூளை, ஒவ்வொரு முறையும் அந்த லட்சத்துக் கமாவில் போய் நின்றிருக்கிறது. என் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தப்பு எல்லாமே பத்து மடங்கு. ஆயிரம் மடங்கு தப்பு ஒன்றுகூட இல்லை. எனக்குக் கணக்கு வரவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். கணக்கு வந்தது, இரண்டு எண்ணும் முறை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ரேடியோ கணக்குக்கு மட்டும் கமாவை மூன்று மூன்றாகப் போடுவது. இன்னொன்று லட்சத்தை விடாமல் வைத்துக்கொள்பவர்களுக்கு: ஹெர்ட்ஸை லட்சத்தில் சொல்லுங்கள், பத்தால் வகுத்துவிடுங்கள், மெகா வந்துவிடும். ஒரு கோடியே நாற்பத்திரண்டு லட்சம் ஹெர்ட்ஸ் என்பது 142 லட்சம், அதாவது 14.2 மெகா. எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கிறது, ஆனால் தேர்வில் முதல் வழியைத்தான் பயன்படுத்தினேன். அவசரத்தில் வகுப்பதைவிட எண்ணுவது பத்திரம்.

மூன்றாவது: 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன? விடைகளில் 2.07 மீட்டரும் இருந்தது, 2.07 கிலோமீட்டரும் இருந்தது. நான் கிலோமீட்டரை அடித்தேன். சிரிக்காதீர்கள்.

ஒளியும் ரேடியோ அலையும் ஒரே வேகம், நொடிக்கு 29,97,92,458 மீட்டர். கணக்குக்கு முப்பது கோடி என்று வைத்துக்கொள்கிறோம். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். அதிர்வெண் ஹெர்ட்ஸில் இருந்தால் முப்பது கோடியை வகுக்க வேண்டும். கிலோஹெர்ட்ஸில் இருந்தால் மூன்று லட்சத்தை. மெகாஹெர்ட்ஸில் இருந்தால் வெறும் 300-ஐ. நான் மூன்று லட்சத்தை 145 மெகாவால் வகுத்தேன். மேலே கிலோ, கீழே மெகா. ஒரு பக்கம் கிலோ கல், இன்னொரு பக்கம் டன் கணக்கில் சரக்கு. 2069 வந்தது, 2.07 கிலோமீட்டர் என்ற விடையும் தயாராக உட்கார்ந்திருந்தது. கேள்வி எழுதியவருக்கு என் மண்டை எப்படி வேலை செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் பேண்டின் பெயரே "2 மீட்டர் பேண்டு". கையில் பிடித்துப் பேசும் வாக்கி டாக்கியில் முழம் நீளம்கூட இல்லாத ஆன்டெனா. அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அலை வருமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும்.

இதில் அப்பாவின் தராசு உதவவில்லை. தாத்தாவின் ரேடியோ உதவியது. பரணில் கிடக்கும் பழைய வால்வு ரேடியோ. இலங்கை வானொலி கேட்பதற்காகவே வாங்கியது என்று பாட்டி சொல்வார். அதன் முகத்தில் 25, 31, 41, 49 என்று மீட்டரும் அச்சிட்டிருக்கும், பக்கத்தில் மெகாசைக்கிள், கிலோசைக்கிள் என்று எண்களும் இருக்கும். சின்ன வயதில் ரேடியோவுக்குள் ஏன் சைக்கிள் என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். நொடிக்கு எத்தனை சுற்று என்பதைத்தான் சைக்கிள் என்று எழுதினார்கள். ஹெர்ட்ஸ் என்ற பெயரை 1930-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சைக்கிள் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியில் இந்த அலைகள் இருப்பதைச் சோதனையில் காட்டியவர். 1894-இல் இறந்தபோது வயது 36. தன் பெயர் ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் என்று அவருக்குத் தெரியாது.

அந்த முகப்பை வைத்துச் சரிபார்த்தேன். 300-ஐ 25-ஆல் வகுத்தால் 12 மெகா. 31-ஆல் 9.68. 41-ஆல் 7.32. 49-ஆல் 6.12. மீட்டர் ஏற ஏற மெகா இறங்குகிறது. ஒரே வாய்பாடு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, 300-ஐ எதனால் வகுத்தாலும் மற்றது வரும். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். மூன்று லட்சத்தை 936-ஆல் வகுத்தால் 320.5 மீட்டர். திருநெல்வேலி 1197, அது 250.6 மீட்டர். அறிவிப்பாளர்கள் இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொன்ன காலத்தில் ஊரே இந்தக் கணக்கின் விடையைத் தினமும் காதால் கேட்டிருக்கிறது, கேள்வி தெரியாமல்.

கணக்கு புரிந்தாலும் கம்பி வெட்டும்போது வேறு ஆபத்து. அரை அலை டைபோல் ஆன்டெனாவுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். (300-இல் பாதி 150 அல்லவா, கம்பியில் சுமார் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும்.) 7.100-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம். அடியில் வேண்டுமென்றால் 468-ஐ வகுக்க வேண்டும், 65.9 அடி. என்னோடு தேர்வு எழுதிய நண்பன் 468-ஐ வகுத்துவிட்டு, கடையில் போய் அறுபத்தாறு மீட்டர் கம்பி கேட்டான். கடைக்காரரும் சந்தோஷமாகக் கொடுத்தார். மிச்சக் கம்பியில் இப்போது எங்கள் ஹாஸ்டல் மாடியில் துணி காய்கிறது. நீளமாக வாங்கினால் துணியாவது காயப்போடலாம். குட்டையாக வெட்டினால் ஒன்றுக்கும் ஆகாது, அதனால் எப்போதும் அரை அடி கூடவே வெட்டுங்கள்.

இரண்டாம் முறை எழுதப் போனபோது கேள்வித்தாளின் ஓரத்தில் முதலில் ஒரு தராசு வரைந்தேன். பக்கத்தில் இருந்த பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். ரிப்பீட்டர் கேள்வி ஒன்று வந்தது. வெளியே 145.600 மெகாஹெர்ட்ஸ், 600 கிலோஹெர்ட்ஸ் கீழே கேட்கிறது, உள்ளே எவ்வளவு? டன்னிலிருந்து கிலோவைக் கழிக்க வேண்டும். 145 டன் 600 கிலோவில் 600 கிலோ போனால் 145 டன். 145.000. ஐந்து நொடி.

பாஸ்.

லைசென்ஸ் தாள் இன்னும் கைக்கு வரவில்லை. வரும் வரை மைக்கைத் தொடக்கூடாது, கேட்கலாம். பொங்கல் லீவில் சீனியரிடம் ரிசீவர் ஒன்றை இரவல் வாங்கி வந்து, மாடிக் கைப்பிடியிலிருந்து கொல்லையில் நிற்கும் அந்த ஒற்றைத் தென்னைக்குக் கம்பி கட்டினேன். அளந்தால் பதினேழு மீட்டர்தான் இருந்தது. மூன்று மீட்டர் போதவில்லை, ஒரு முனையைத் துணிக்கல் பக்கமாக மடக்கித் தொங்கவிட்டேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் ஆறரைக்கு 7.1 பக்கத்தில் ஒருவர் வந்தார். தமிழில்தான் பேசினார், தன் ஊரில் மழை இல்லை என்று யாரிடமோ சொன்னார். அப்பா கடையைச் சாத்தாமலேயே மாடிக்கு ஏறி வந்து முழுவதும் நின்று கேட்டார்.

ராத்திரி அக்கா போன் பண்ணினாள். இப்போது கோயம்புத்தூரிலேயே வேலை. கம்பி கட்டின கதையைச் சொன்னேன்.

"அப்ப அடுத்த தடவை நீ எனக்குச் சொல்லிடுவியா?"

"நான் சொல்றது சரி. கேக்கறதுக்கு உன் பக்கம் யாராவது வேணுமே. அங்க இருக்கற ஒரு ஹாம் கேட்டு உனக்குப் போன் பண்ணணும். இல்லன்னா நீயே பரீட்சை எழுதணும்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "புத்தகத்தை அனுப்பு. என்ன மாதிரி கேப்பாங்க?" என்றாள்.

"ஏழாயிரத்து நூறு கிலோஹெர்ட்ஸ், எத்தனை மெகாஹெர்ட்ஸ்?"

"கிலோவுக்கு மேல மெகாவா? டன்னு மாதிரியா?"

"ஆமா."

"ஏழு டன் நூறு கிலோ" என்றாள். அவளும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தானே.